பாதுகாவலரும் பெற்றோரும்: தத்தெடுப்புச் சட்டம் கடந்துவந்த பாதை



சென்ற மாதம் ஒரு மாலை, ஆராதனை முடிந்தபின் ஓர் இளந்தம்பதியர் என்னைத் தனியே காண வந்தனர். திருமணமாகிப் பத்து ஆண்டுகளாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மருத்துவத்துக்குச் செலவழித்த பணத்தையும் சிந்திய கண்ணீரையும் நான் அறிவேன். ஒருவர் மூலமாக அவர்களுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அடுத்த மாதம் ஓர் இளம்பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும்; குறிப்பிட்ட தொகையைக் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழிலேயே இவர்கள் பெயர் பெற்றோராக எழுதப்படும். "ஐயா, ஒரு குழந்தைக்கு வீடு கிடைக்கிறது, எங்களுக்கு ஒரு குழந்தை கிடைக்கிறது. இதில் பாவம் உண்டா? ஜெபித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார் அந்தச் சகோதரர்.

அவர்களுக்கு நான் சொன்ன பதிலையே இவ்வாரம் சற்று விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன், என் தவறு ஒன்றை நான் அறிக்கை செய்தாக வேண்டும்.

ஒரு பதிவேட்டின் வரி

1990களின் பிற்பகுதியில் என் முதல் சேகரத்தில் ஓர் ஆசிரியர் குடும்பம் இருந்தது. பிள்ளையில்லாத அவ்விருவரும் ஓர் இல்லத்திலிருந்து கைக்குழந்தையாக ஒரு பெண்பிள்ளையைப் பெற்று வளர்த்துவந்தனர். நீதிமன்ற ஆணையும் அவர்களிடம் இருந்தது. எனக்கு முன்பிருந்த போதகர் அப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, ஆலயப் பதிவேட்டில் இன்னாருடைய மகள் என்று எழுதியிருந்தார். ஒருநாள் அந்த ஆசிரியர் என்னிடம், "ஐயா, பாப்பாவுக்காக வேறு ஏதாவது எழுதிவைக்க வேண்டுமா?" என்று கேட்டார். இறையியல் கல்லூரியிலிருந்து புதிதாக வந்திருந்த நான், "பதிவேட்டில் மகள் என்று இருக்கிறதே, அண்ணன். கர்த்தர் அறிவார், அது போதும்" என்று சொன்னேன்.

அடுத்த ஆண்டே அவர் மாரடைப்பால் மரித்தார். உயில் எழுதியிருக்கவில்லை. அடக்க ஆராதனைக்கு வந்த அவருடைய சகோதரர்கள், மாதம் ஒன்று முடியுமுன் வீட்டில் பங்கு கேட்டு வந்தனர். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி மரிக்கும் கிறிஸ்தவனுக்குப் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றிலொரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றிலிரண்டு பங்கும் சேரும். பிள்ளை இல்லையென்றால் பாதி மனைவிக்கும் மறுபாதி உறவினருக்கும் சேரும். பத்து வயதில் தகப்பனுக்காக அழுதுகொண்டிருந்த அந்தச் சிறுமி, சட்டத்தின் கண்ணில் அவருடைய பிள்ளை அல்ல. வீடு விற்கப்பட்டது. அந்த அம்மையார் என்னை ஒரு வார்த்தையும் குற்றஞ்சாட்டவில்லை. ஊரைவிட்டுப் போகுமுன் பதிவேட்டைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் கேட்டார்கள், பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நீதிமன்ற ஆணை இருந்தும் அவள் ஏன் மகளாகவில்லை? அந்தக் கேள்வியே என்னை இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கவைத்தது.

பவுல் எடுத்த சொல்

வேதாகமத்தில் பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்த்தவர்கள் பலர் உண்டு. பார்வோனின் குமாரத்தி மோசேயை வளர்த்தாள். மொர்தெகாய் எஸ்தரைத் தன் மகளாக ஏற்றுக்கொண்டான். யோசேப்பு இயேசுவுக்குப் பெயரிட்டுத் தகப்பனின் இடத்தில் நின்றான். ஆயினும் மோசேயின் நியாயப்பிரமாணத்தில் தத்தெடுப்புக்கென ஒரு சட்டம் இல்லை. பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எபேசியருக்கும் எழுதிய நிருபங்களில் காணப்படும் புத்திரசுவிகாரம் என்னும் சொல், எபிரெயச் சட்டத்திலிருந்து வந்தது அன்று. அது ரோமருக்கும் கிரேக்கருக்கும் நன்கு பழகிய சட்டச் சொல்.

ரோம உலகில் தத்தெடுப்பு பெரும்பாலும் குழந்தைகளுக்கானது அல்ல. குடும்பப் பெயரையும் சொத்தையும் காக்க வளர்ந்த ஆண்மகனை ஏற்றுக்கொள்ளும் முறை அது. அகுஸ்து இராயன் யூலியு சீசரின் உயிலால் அவருடைய மகனானவன், அகுஸ்து கி.பி. 4இல் திபேரியுவை மகனாக ஏற்றுக்கொண்டான். அவ்வாறு ஏற்கப்பட்டவன் பழைய குடும்பத்தின் அதிகாரத்திலிருந்து முற்றிலும் விடுபட்டு, புதிய தகப்பனின் முழு வாரிசாவான். பவுல் புத்திரசுவிகாரத்தைப் பேசும் இடங்களில் சுதந்தரவாளி என்னும் சொல்லும் அருகே வருவதைக் கவனியுங்கள். அவர் பாச உணர்ச்சியை மட்டும் சொல்லவில்லை. திரும்பப் பறிக்க முடியாத உரிமையைச் சொல்லுகிறார். அந்த ஆசிரியரிடம் நான், கர்த்தர் அறிவார், அது போதும் என்று சொன்னபோது, இந்தப் பாதியைத்தான் மறந்திருந்தேன்.

கிறிஸ்தவர்கள் இழந்தது எப்படி

இந்திய மண்ணில் தத்தெடுப்பு மிகப் பழையது. தர்மசாஸ்திரங்கள் தத்துப்புத்திரனைப் பிள்ளைகளின் வகைகளுள் ஒருவனாக எண்ணின. ஆனால் அது மகனுக்கானது; பித்ருக்கடன் செய்யவும் வம்சம் தொடரவும் ஏற்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் அதுவும் சோதனைக்குள்ளானது. 1853இல் ஜான்சி அரசர் கங்காதர ராவ் தாம் மரிக்குமுன் ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார். டல்ஹவுசி பிரபுவின் ஆட்சி அச்சிறுவனை அரசின் வாரிசாக ஏற்க மறுத்து, ஜான்சியை இணைத்துக்கொண்டது.

கிறிஸ்தவர்களின் கதை வேறு. 1865இல் இயற்றப்பட்ட இந்திய வாரிசுரிமைச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தியது. 1925ஆம் ஆண்டின் சட்டம் அதன் வழிவந்தது. அச்சட்டங்களை வரைந்தவர்கள் இங்கிலாந்தின் முறையைப் பின்பற்றினர். அந்த இங்கிலாந்திலோ தத்தெடுப்புச் சட்டமே இல்லை! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1851இலேயே ஒரு சட்டம் இயற்றியிருக்க, இங்கிலாந்து 1926 வரை காத்திருந்தது. எனவே மதம் மாறிய நம் முன்னோர் பழைய தத்து முறையை விட்டுவந்தபோது, அதற்கு ஈடாக வேறொன்றும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பின்னர் இங்கிலாந்து தன் குறையைத் தீர்த்துக்கொண்டது. இந்தியக் கிறிஸ்தவர்களின் குறையோ அப்படியே நின்றது.

எஞ்சியது 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் ஒன்றே. அதன்படி நீதிமன்றம் ஒரு பிள்ளைக்குப் பாதுகாவலரை நியமிக்கலாம். காரணம் இருந்தால் நீக்கவும் செய்யலாம். பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் அந்த உறவு சட்டப்படி முடிந்துபோகும். அப்பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லை. ஆசிரியர் வீட்டில் இருந்தது இந்த ஆணைதான்.

இதற்கிடையில் திருச்சபை சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பின் மிஷன்கள் ஆதரவற்ற பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தன. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் தம் மரணம்வரை, அரை நூற்றாண்டு காலம் பிள்ளைகளுக்குத் தாயாக வாழ்ந்தார். ஆயினும் விடுதியில் ஒரு படுக்கை கொடுப்பதும், வீட்டில் ஒரு பெயரும் பங்கும் கொடுப்பதும் ஒன்றல்ல. முதலாவதை நாம் நன்றாகச் செய்தோம். இரண்டாவதைச் செய்யச் சட்டம் இடம்தரவில்லை. அதை நாமும் உரக்கக் கேட்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின்

1956இல் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் வந்தது. பெண்பிள்ளையைத் தத்தெடுக்கவும், பெண்கள் தத்தெடுக்கவும் அது வழிதிறந்தது. இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்கு அது பொருந்தும். கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் பார்சிகளுக்கும் யூதருக்கும் பொருந்தாது. எல்லாருக்கும் பொதுவான ஒரு மசோதா 1972இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது; எதிர்ப்பு எழுந்ததால் நிறைவேறவில்லை. 1980இல் மீண்டும் ஒன்று வந்தது, அதுவும் சட்டமாகவில்லை.

இக்காலத்தில் இந்தியக் குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துக்கொடுக்கப்படுவதில் நடந்த முறைகேடுகளைக் குறித்து, லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டு, நீதிபதி பகவதி 1984இல் தீர்ப்பளித்தார். குழந்தை விற்பனைப் பொருளன்று. பெற்ற தாய் அவசரத்தில் கையெழுத்திட்டுத் தன் பிள்ளையை இழக்கக் கூடாது. முதலில் இந்தியக் குடும்பங்களுக்கே வாய்ப்பளிக்க வேண்டும் என்னும் நெறிகள் அதில் நிலைநாட்டப்பட்டன. அதன் தொடர்ச்சியாக 1990இல் மத்திய தத்துவள முகமை ஏற்படுத்தப்பட்டது. நம் மாநிலத்தில் பெண்சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதை உங்களில் பலர் நினைவுகூர்வீர்கள்.

கிறிஸ்தவர்களுக்காகக் கதவு மெல்லத்தான் திறந்தது. கிறிஸ்தவத் தம்பதியர் தத்தெடுத்த மகனின் சொத்துரிமையைக் கேரள உயர் நீதிமன்றம் 1999இல் ஏற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், மதம் பாராமல் ஆதரவற்ற பிள்ளைகளைத் தத்தெடுக்க வழிசெய்தது. 2006ஆம் ஆண்டின் திருத்தம், தத்துப்பிள்ளை முழு உரிமைகளோடு புதிய பெற்றோரின் பிள்ளையே என்று தெளிவாக்கியது. 2014 பிப்ரவரியில், ஈரோட்டு மண்ணிலிருந்து சென்ற தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு, இச்சட்டத்தின்கீழ் எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம், தனிநபர் சட்டம் அதற்குத் தடையாகாது என்று தீர்ப்பளித்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன் 63ஆம் பிரிவு, உயிலின்றி மரிக்கும்போது சேரும் வாரிசுரிமை உட்பட எல்லாவற்றிலும், தத்துப்பிள்ளை அப்பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையாகவே கருதப்படும் என்கிறது. அந்த ஒரு வரி இருபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருந்தால், அந்தச் சிறுமியின் வீடு விற்கப்பட்டிராது.

இன்றைய வழி

பிள்ளைக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் அறியவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கிறிஸ்தவர்களுக்கு இன்று சட்டபூர்வமான வழி ஒன்றே: மத்திய தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவுசெய்வது. நடைமுறை புரியவில்லையென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை நேரில் அணுகலாம்.

தம்பதியர் எனில் குறைந்தது இரண்டாண்டு நிலையான மணவாழ்வும் இருவரின் சம்மதமும் வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருவரின் வயதும் சேர்ந்து 85ஐத் தாண்டக் கூடாது. குழந்தைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி வேண்டும். மணமாகாத பெண்ணும் தத்தெடுக்கலாம். தனித்து வாழும் ஆண் பெண்பிள்ளையைத் தத்தெடுக்க இயலாது. பதிவுக்குப் பின் ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து, உங்கள் உடல்நலம், வருமானம், இல்லறம், மனநிலை ஆகியவற்றை விசாரித்து அறிக்கை தருவார். அவரைக் கண்டு அஞ்ச வேண்டாம். மாளிகையை அவர் தேடுவதில்லை. பின்னர் முறைவரிசைப்படி ஒரு குழந்தையின் புகைப்படமும் மருத்துவ அறிக்கையும் உங்களுக்கு வரும். 48 மணி நேரத்துக்குள் அக்குழந்தையை உங்களுக்கென ஒதுக்கிவைத்துக்கொண்டு, பிறகு நேரில் சென்று பார்த்து ஏற்றுக்கொள்ளலாம். குழந்தை முதலில் வளர்ப்புப் பராமரிப்பாக உங்கள் வீட்டுக்கு வரும். பின் ஆணை கிடைக்கும். முன்பு நீதிமன்றம் தந்த இந்த ஆணையை, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். அதன்பின் இரண்டாண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நலம் விசாரிக்க வருவார்கள். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரே பெற்றோராக வரும். மறைத்து எழுதும் அவசியமே இல்லை.

இதில் கடினமானது காத்திருப்புதான். 2024-25ஆம் ஆண்டில் நாடெங்கும் தத்துக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் 4,515 பேர். அவர்களுள் உள்நாட்டுக் குடும்பங்களுக்குச் சென்றவர்கள் 4,155 பேர். காத்திருக்கும் குடும்பங்களோ 30,000-க்கு மேல். கைக்குழந்தைக்காகக் காத்திருப்போருக்கு மூன்று ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகின்றன. அந்தக் காத்திருப்பின் வலியில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

மூன்றாவது ஒருத்தி

அந்தத் தம்பதியரிடம் நான் கேட்டது இதுதான்: "நீங்கள் இருவர் இருக்கிறீர்கள், குழந்தை இருக்கிறது. அந்தப் பெண் எங்கே?"

பெற்ற தாய் தன் பிள்ளையை ஒப்படைக்க விரும்பினால், குழந்தைகள் நலக் குழுவின் முன் வரலாம். அவர் பெயர் வெளியிடப்படாது. ஒப்படைத்தபின்னும் மனம் மாறித் திரும்பிவர அவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பின்னரே அக்குழந்தை தத்துக்குரியதென அறிவிக்கப்படும். கண்டெடுக்கப்பட்ட குழந்தையெனில் பெற்றோரைத் தேடி அறிவிப்புச் செய்து, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்குள் முடிவெடுக்கிறார்கள். தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழலில் பிள்ளையைக் கைவிட நேர்ந்த பெற்றோரைச் சட்டம் தண்டிப்பதில்லை. ஆனால் குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனையும் அபராதமும் உண்டு. மருத்துவமனையில் இருப்பவரே அதைச் செய்தால் மூன்று முதல் ஏழாண்டு வரை தண்டனை.

தரகர் கொண்டுவரும் வழியில் இந்த 60 நாட்கள் இல்லை. அந்தப் பெண் சம்மதித்தாளா, மிரட்டப்பட்டாளா, குழந்தை இறந்துவிட்டதென்று அவளிடம் சொன்னார்களா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. பொய்ச் சான்றிதழின்மேல் கட்டப்படும் உறவு சொத்துத் தகராறு ஒன்றிலேயே இடிந்துபோகும். உங்கள் பிள்ளை வளர்ந்து, நான் யார் என்று கேட்கும் நாளில், நீங்கள் காட்டுவதற்கு உண்மையான காகிதம் ஒன்றும் இருக்காது. ஆணை பெற்றுத் தத்தெடுக்கப்பட்ட பிள்ளையோ தன் வேரைக் குறித்து விதிகளின்படி கேட்டறியலாம். ஆதலால் பெற்றோரே, பிள்ளை சிறுவயதாயிருக்கும்போதே அதை அன்போடு சொல்லுங்கள். அக்கம்பக்கத்தார் வாயிலாக அவர்கள் அறிய நேரிட வேண்டாம்.

சபையாருக்கு ஒரு விண்ணப்பம்

தத்துப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டு வருவோரிடம், தத்து ஆணை கைக்கு வந்துவிட்டதா என்று நான் இப்போது கேட்கிறேன். சிலர் இதை அவிசுவாசம் என்று நினைத்திருக்கலாம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை நினைத்தே கேட்கிறேன். பழைய பாதுகாவலர் ஆணையோடு பிள்ளை வளர்த்தவர்கள் நம் சபைகளில் இன்னும் உண்டு. நீங்கள் இந்த மாதமே ஒரு வழக்கறிஞரைக் கண்டு உயில் எழுதிப் பதிவுசெய்யுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். மற்ற சபையாரே, தத்துப்பிள்ளையைப் பார்த்து, சொந்தப் பிள்ளையா என்று கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நாம் அனைவரும் சுவிகாரத்தினால்தான் பிள்ளைகளானோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிற கூட்டம், அந்தக் கேள்வியைக் கேட்கலாகாது.

அந்தத் தம்பதியர் தரகருக்கு மறுப்புச் சொல்லிவிட்டார்கள். போன வாரம் பதிவுசெய்தார்கள். அன்று அந்தச் சகோதரி, "மூன்று வருஷம் ஆகுமாமே, ஐயா" என்று சொல்லி அழுதார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. கூட அமர்ந்து ஜெபித்தேன்.

ஜெபிப்போம்: பரலோகப் பிதாவே, பிள்ளைக்காகக் காத்திருக்கும் வீடுகளையும், வீட்டுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளையும், தன் பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டுத் தனியே அழும் தாய்மாரையும் உம்முடைய கரத்தில் ஒப்புவிக்கிறோம். எங்கள் அன்பு நேர்மையுள்ளதாய் இருக்கும்படி எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.